ஃபோரம் முதல் பெல் சென்டர் வரை: ஒரு நகரம் துக்கம் காத்த இடங்கள்

கனடாவின் மான்ட்ரியால் நகர மையத்தில், விண்ட்சர் ரயில் நிலையத்தின் பழைய கற்கட்டடத்தை ஒட்டினாற்போல் பெல் சென்டர் என்னும் உள்ளரங்கம் நிற்கிறது. 1996ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி திறக்கப்பட்டது. சுமார் 21,000 பேர் அமரக்கூடிய இவ்வரங்கம், வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகைச் சேர்ந்த அரங்குகளிலேயே பெரியது. மான்ட்ரியால் கனேடியன்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் இல்லம் இது. ஆட்டமில்லாத இரவுகளில் இசை நிகழ்ச்சிகள் நடக்கும். அப்போது பனித்தளத்தின் மேல் வெப்பம் கடத்தாத பலகைகளைப் பரப்பி நாற்காலிகளைப் போட்டுவிடுவார்கள். பாட்டுக் கேட்க வந்த கூட்டம் தன் காலடியில் பனி உறைந்து கிடப்பதை உணர்வதில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் எந்தப் பெருநகரத்திலும் இருக்கக்கூடிய கட்டடம்தான். இன்று அதன் நெற்றியில் இருப்பது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயர். 2002 வரை இருந்தது ஒரு பீர் நிறுவனத்தின் பெயர். நாளை வேறொன்று இருக்கலாம். பெயரையே விலைக்கு விற்கிற ஒரு கட்டடத்திற்கு நினைவு என்று ஒன்று இருக்க முடியுமா? கோயிலுக்கும் குளத்துக்கும் கதை உண்டு. கான்கிரீட்டும் குளிர்பதனக் குழாய்களும் சேர்ந்த ஒரு பெட்டிக்கு என்ன கதை இருந்துவிடப் போகிறது என்று கேட்பது நியாயமே. இக்கேள்விக்கு மான்ட்ரியால் தரும் விடையைப் புரிந்துகொள்ள, இதே அரங்கிலிருந்து நடக்கும் தொலைவில், சில தெருக்கள் தள்ளி, 1875ஆம் ஆண்டில் தொடங்கவேண்டும்.

கூரையின் கீழ் வந்த பனி

விக்டோரியா சறுக்கு அரங்கம் 1862இல் திறக்கப்பட்டது. நகரின் ஆங்கிலம் பேசும் செல்வந்தர்கள் குளிர்கால மாலைகளில் பனியில் சறுக்கி மகிழ்வதற்கான இடம். எரிவாயு விளக்குகள், இசைக்குழு, முகமூடிக் களியாட்டங்கள் எல்லாம் உண்டு. 1875 மார்ச் 3ஆம் தேதி மாலை, ஹாலிஃபாக்ஸ் நகரிலிருந்து வந்து குடியேறிய ஜேம்ஸ் கிரைட்டன் என்ற இளைஞர், பக்கத்துக்கு ஒன்பது பேராக இரண்டு அணிகளை அங்கே மோதவிட்டார். உறைந்த ஏரிகளிலும் ஆறுகளிலும் இவ்வகை ஆட்டங்கள் அதற்கு முன்பே ஆடப்பட்டு வந்தன. ஆனால் கூரைக்குக் கீழே, முன்கூட்டியே பத்திரிகையில் அறிவித்து, பார்வையாளர் முன்னிலையில் நடந்த முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டமாக இதையே வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

கூரை வந்ததும் ஆட்டமும் மாறியது. திறந்தவெளியில் பந்து எங்கே பறந்தாலும் கவலையில்லை. உள்ளரங்கில் அது பார்வையாளர் முகத்தில் படும். ஆகவே பந்துக்குப் பதிலாகத் தட்டையான மரவட்டு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். இன்றைய ரப்பர் வட்டின் முன்னோடி அது. அந்தத் தளத்தின் அளவு சுமார் 204 அடி நீளம், 80 அடி அகலம். இன்றைய லீக் ஆட்டங்களின் தளம் 200 அடிக்கு 85 அடி. சறுக்கி விளையாட வந்தவர்களின் வசதிக்காக 1862இல் கட்டிய ஒரு கூடத்தின் அளவுதான், ஏறத்தாழ அப்படியே, இந்த விளையாட்டின் உடலாகிவிட்டது.

அன்று பனி என்பது இயற்கை கொடுப்பது. தரையில் நீரைப் பாய்ச்சிவிட்டு, குளிர்காற்று அதை உறையவைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்றைய அரங்கில் கான்கிரீட் தளத்துக்குள் மைல்கணக்கில் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் உறைநிலைக்கும் கீழே குளிர்விக்கப்பட்ட திரவம் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. மேலே நீரை மெல்லிய படலமாகத் தெளித்து உறையவைத்து, வெள்ளை வண்ணம் பூசி, கோடுகள் வரைந்து, மறுபடியும் நீர் தெளித்து உறையவைக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு பனியின் மொத்தத் தடிமன் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். அந்த ஓர் அங்குலத்தின் மீதுதான் இந்த நகரத்தின் நூற்றாண்டுக் கதை நிகழ்ந்திருக்கிறது.

யாருக்காகக் கட்டிய வீடு

தொடக்கத்தில் இவ்விளையாட்டு ஆங்கிலேயர்களுடையது. நகரின் மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் பிரெஞ்சு பேசுவோர். ஆனால் வங்கி, ரயில்வே, பெருவணிகம் ஆகிய எல்லாவற்றிலும் மேல்மட்ட மொழி ஆங்கிலம். பிரெஞ்சு இளைஞர்கள் ஹாக்கிக்குள் நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பெரும்பாலும் ஐரிஷ் கத்தோலிக்க மாணவர்களோடு சேர்ந்து படித்த கல்லூரிகளின் வழியாக. 1909 டிசம்பரில் கனேடியன்ஸ் அணி உருவானபோது, அது பிரெஞ்சுக்காரர்களுக்கான அணி என்றே திட்டமிடப்பட்டது. அதற்கு முதலீடு செய்த ஆம்ப்ரோஸ் ஓப்ரையன் ஆங்கிலம் பேசும் சுரங்க அதிபர் என்பது இக்கதையின் பல முரண்களில் முதலாவது.

அரங்கங்கள் அப்போது நெடுநாள் வாழவில்லை. ஹாக்கிக்கென்றே கட்டப்பட்ட வெஸ்ட்மவுண்ட் அரங்கம் 1918 ஜனவரி 2ஆம் தேதி எரிந்தது. அங்கே ஆடிவந்த வாண்டரர்ஸ் என்ற ஆங்கிலேய அணி அத்தோடு கலைந்துபோனது. கனேடியன்ஸ் ஜூபிலி என்ற வேறோர் அரங்குக்குப் போனது. அடுத்த ஆண்டில் அதுவும் எரிந்தது.

பிறகு 1924இல், அட்வாட்டர் தெருவும் சேன்ட் கத்ரீன் தெருவும் சந்திக்கும் முனையில், 159 நாட்களில் எழுந்தது ஃபோரம். ஆங்கிலம் பேசும் ரசிகர்களுக்காகத் தொடங்கப்பட்ட மரூன்ஸ் என்ற புதிய அணிக்கான வீடு அது. ஆனால் 1924 நவம்பர் 29 அன்று அங்கே முதல் ஆட்டத்தை ஆடியது கனேடியன்ஸ். அவர்களுடைய சொந்த அரங்கில் இயற்கைப் பனி இன்னும் உறையவில்லை. ஃபோரத்தில் செயற்கைப் பனி தயாராக இருந்தது. விருந்தாளியாக நுழைந்தவர்கள் 1926இல் நிரந்தரமாகக் குடியேறினார்கள். பொருளாதார மந்தத்தில் தள்ளாடிய மரூன்ஸ் 1938இல் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. ஆங்கிலேயருக்காகக் கட்டிய வீடு பிரெஞ்சுக்காரர்களின் வீடாயிற்று. அங்கே மலிவான கட்டணத்தில், கம்பிவலைக்குப் பின்னால் அமர்ந்து கூச்சலிட்ட ஏழை ரசிகர்களை நகரம் 'கோடீஸ்வரர்கள்' என்று கேலியாக அழைத்தது.

முதல் துக்கம்

1937 ஜனவரி 28 அன்று சிகாகோ அணிக்கெதிரான ஆட்டத்தில் ஹோவி மோரென்ஸின் கால் எலும்பு முறிந்தது. அவருடைய காலத்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். மின்னலைப் போலப் பாய்பவர் என்று பெயர் பெற்றவர். மருத்துவமனையில் இருந்தபோதே மார்ச் 8ஆம் தேதி இறந்துபோனார். வயது 34.

மார்ச் 11 அன்று அவருடைய உடல் ஃபோரத்துக்குக் கொண்டுவரப்பட்டு, தளத்தின் நடுவில் வைக்கப்பட்டது. இறுதி வழிபாடு அங்கேயே நடந்தது. பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து பார்த்துச் சென்றார்கள். தேவாலயங்களின் நகரம் என்று பெயரெடுத்த மான்ட்ரியாலில், ஒரு மனிதனை வழியனுப்பும் இடமாக ஒரு விளையாட்டரங்கம் ஆனது அன்றுதான். மோரென்ஸ் பிரெஞ்சுக்காரர் அல்லர் என்பதையும் குறிப்பிடவேண்டும். ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்த ஜெர்மன் வம்சாவளியினர். பிரெஞ்சு அணியின் தலைமகனாக அவரை வரித்துக்கொண்ட மக்கள், அழுதபோது அவருடைய பிறப்பைக் கேட்கவில்லை.

1955 மார்ச் 17

மொரிஸ் ரிஷார் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. மான்ட்ரியாலில் பிறந்தவர். 1944-45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல்கள் அடித்து, அதுவரை யாரும் எட்டாத உயரத்தைத் தொட்டவர். அதிகம் பேசாதவர். தளத்தில் அடித்தால் திருப்பி அடிப்பவர். வேலையிடத்தில் ஆங்கில மேலாளரிடம் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வீடு திரும்பும் பிரெஞ்சுத் தொழிலாளிக்கு, தலைகுனியாத ஒருவர் தம்மவராக இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில், எதிரணி வீரர் ஒருவரின் மட்டை பட்டு ரிஷாரின் தலையில் ரத்தம் வந்தது. ரிஷார் தம் மட்டையால் அவரைத் தாக்கினார். தடுக்க வந்த கோட்டு நடுவரையும் குத்தினார். லீகின் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் 16ஆம் தேதி தீர்ப்பு வழங்கினார்: பருவத்தில் எஞ்சிய ஆட்டங்களுக்கும், கோப்பைக்கான இறுதிச் சுற்று முழுவதற்கும் தடை. ரிஷார் செய்தது தவறு என்பதில் ஐயமில்லை. தண்டனையின் அளவுதான் பிரச்சினை. அதிலும் முக்கியமாக, தண்டித்தவரின் மொழி.

மறுநாள் மாலை ஃபோரத்தில் டெட்ராய்ட் அணியுடன் ஆட்டம். வரவேண்டாம் என்று எச்சரித்தும் கேம்பல் வந்து தம் வழக்கமான இருக்கையில் அமர்ந்தார். தக்காளியும் முட்டையும் அவர்மேல் பறந்தன. முதல் பகுதி முடிந்தபோது அரங்கிற்குள் ஒரு கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. கூட்டம் மூச்சுத் திணறி வெளியேறியது. 4-1 என்று முன்னணியில் இருந்த டெட்ராய்டுக்கு வெற்றி வழங்கப்பட்டது. வெளியேறியவர்களும் ஏற்கெனவே வெளியே காத்திருந்தவர்களும் சேர்ந்து சேன்ட் கத்ரீன் தெருவின் கடைக் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டே போனார்கள். 18ஆம் தேதி ரிஷார் வானொலியில் பிரெஞ்சில் பேசினார். தண்டனையை ஏற்றுக்கொள்வதாகவும், அடுத்த ஆண்டு திரும்பி வருவதாகவும் கூறி அமைதி வேண்டினார். நகரம் அடங்கியது.

சில நாட்களில் 'லெ தெவ்வார்' நாளிதழில் ஆந்திரே லோரன்டோ ஒரு கட்டுரை எழுதினார். 1885இல் தூக்கிலிடப்பட்ட மேத்தி இனத் தலைவர் லூயி ரியேலுக்காக கியூபெக் கொண்ட சினத்தோடு இதை ஒப்பிட்டார். பிரெஞ்சுக் கனடியரின் தேசிய உணர்வு ஹாக்கிக்குள் போய் ஒளிந்துகொண்டது போலிருக்கிறது என்பது அவருடைய கணிப்பு. மேலோட்டமான அசட்டைக்குப் பின்னால் என்ன உறங்கிக் கிடக்கிறது என்பதை இக்கலவரம் காட்டிவிட்டது என்றார்.

1960இல் கியூபெக்கில் 'அமைதிப் புரட்சி' எனப்படும் மாற்றங்கள் தொடங்கின. 1977இல் பிரெஞ்சை மாகாணத்தின் பொதுவாழ்வு மொழியாக நிலைநிறுத்திய சட்டம் வந்தது. 1955இன் கலவரத்தையும் இவற்றையும் ஒரே கோட்டில் இணைத்துக் காட்டும் எழுத்துகள் ஏராளம். அது மிகை. அன்று கண்ணாடி உடைத்தவர்களிடம் மொழிக் கொள்கை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த சில நாட்களிலேயே, ரிஷாரைவிட ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து முதலிடத்துக்கு வந்த சொந்த அணியின் பிரெஞ்சு வீரர் பெர்னார் ஜெஃப்ரியோனையும் இதே கூட்டம்தான் ஏசியது. ஆனாலும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. பாராளுமன்றத்திலோ பத்திரிகையிலோ சொல்ல முடியாத ஒன்றை ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உணர்ந்த இடம் அந்த அரங்கம்.

அதன் ஆழத்தை அறிய விரும்புபவர்கள், ரோஷ் காரியே 1979இல் வெளியிட்ட ஹாக்கிச் சட்டை பற்றிய சிறுகதையைத் தேடிப் படிக்கலாம். ஊர்ச் சிறுவர்கள் அனைவரும் ரிஷாரின் 9ஆம் எண் சட்டை அணிந்து ஆடுகிறார்கள். ஒரு சிறுவனுக்கு மட்டும் தபாலில், தவறுதலாக, எதிரியான டொராண்டோ அணியின் சட்டை வந்துவிடுகிறது. சட்டை வரவழைக்கும் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. இவ்வளவுதான் கதை. சிரித்துக்கொண்டே படிக்கலாம். 2002இல் வெளியான கனடாவின் ஐந்து டாலர் தாளில் அக்கதையின் வரிகள் இரு மொழிகளிலும் அச்சிடப்பட்டன.

தீப்பந்தம்

1993இல் கனேடியன்ஸ் தன் 24ஆவது ஸ்டான்லி கோப்பையை ஃபோரத்தில் வென்றது. அதே ஆண்டில் புதிய அரங்கின் கட்டுமானம் தொடங்கியது. பழைய இடம் போதவில்லை. அதைவிட, பெருநிறுவனங்களுக்கு வாடகைக்கு விடத்தக்க சொகுசு அறைகள் அங்கே போதவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வட அமெரிக்கா முழுவதும் பழைய அரங்குகள் கைவிடப்பட்டதன் பொருளாதாரம் இதுதான். 'கோடீஸ்வரர்கள்' என்ற சொல்லில் இருந்த கேலி காலாவதியாகி, உண்மையான கோடீஸ்வரர்கள் வந்து அமர்ந்தார்கள். புதிய கட்டடம் எழுந்த இடத்தால், 1889 முதல் நகரின் வாசலாக இருந்த விண்ட்சர் நிலையத்துக்குள் ரயில்கள் வருவதும் நின்றுபோனது. தண்டவாளத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே அரங்கம் வந்து நின்றுகொண்டது.

1996 மார்ச் 11 அன்று ஃபோரத்தில் கடைசி ஆட்டம். மோரென்ஸின் இறுதி வழிபாடு நடந்ததும் ஒரு மார்ச் 11தான். ஆட்டம் முடிந்தபின் பழைய அணித்தலைவர்கள் ஒவ்வொருவராகத் தளத்தில் வந்து நின்றார்கள். ஒரு தீப்பந்தம் கைமாறிக் கைமாறி வந்தது. ரிஷாரின் பெயர் அறிவிக்கப்பட்டபோது எழுந்த கைதட்டல் பல நிமிடங்களுக்கு ஓயவில்லை. போதும் என்று அவர் கையசைத்தும் ஓயவில்லை. 74 வயது முதியவரின் கண்கள் நிறைந்தன.

தீப்பந்தம் ஏன்? முதல் உலகப்போரின்போது, 1915இல், ஜான் மெக்ரே என்ற ராணுவ மருத்துவர் எழுதிய புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதையின் வரிகள் கனேடியன்ஸின் உடைமாற்றும் அறைச் சுவரில் எழுதப்பட்டிருந்தன. இறந்தவர்கள் தம் கையிலிருந்து நழுவும் பந்தத்தை உயிரோடிருப்பவர்களிடம் எறிவதாக அமைந்த வரிகள். மெக்ரே போருக்கு முன் மான்ட்ரியாலில் பணியாற்றியவர். ஆனால் அந்தப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தது பிரெஞ்சு கியூபெக். 1918இல் அதற்காகத் தெருவில் உயிர்கள் போயின. எந்தப் போரைத் தம்முடையதல்ல என்று அந்தச் சமூகம் மறுத்ததோ, அந்தப் போரின் கவிதையை அதன் பிள்ளைகள் ஒரு விளையாட்டின் வழியாகத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். ஓர் உணர்ச்சி எந்தப் பாத்திரத்தில் வந்து சேரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

புதிய வீட்டில்

முதல் சில ஆண்டுகளில் புதிய அரங்கின்மேல் ரசிகர்களுக்குப் பெரிய ஒட்டுதல் இல்லை. ஃபோரத்தில் பழைய வீரர்களின் ஆவிகள் இருந்து அணிக்கு உதவுகின்றன என்பது நகரத்தின் பழங்கதை. ஆவிகள் இடம்பெயரவில்லை என்றார்கள். 2025 வரை, பெல் சென்டரில் ஒரு கோப்பைகூட வரவில்லை. ஃபோரமோ திரையரங்குகளும் கடைகளும் கொண்ட வளாகமாக மாறிவிட்டது. பழைய தளத்தின் நடுப்புள்ளியை மட்டும் அங்கே தரையில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டு மே 27 அன்று மொரிஸ் ரிஷார் இறந்தார். 30ஆம் தேதி அவருடைய உடல் புதிய அரங்கில், தளத்தின் நடுவில் வைக்கப்பட்டது. ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். 1955இல் தெருவில் இறங்கிய தலைமுறையும், ரிஷார் ஆடியதைப் பார்த்தேயிராத பேரப்பிள்ளைகளும் அந்த வரிசையில் நின்றார்கள். கட்டடத்துக்குத் திறப்புவிழா நடந்தது 1996இல் என்றாலும், அது நகரத்தின் வீடானது இந்நாளில்தான் என்று கொள்ளலாம். நம்மூரில் ஒரு சாவாவது விழுந்தால்தான் குடிவந்த வீடு சொந்த வீடாகும் என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு.

மொழிச் சிக்கலும் புதிய அரங்குக்கு உடன் வந்தது. 2011 டிசம்பரில், பிரெஞ்சு அறியாத ராண்டி கன்னிவொர்த் என்பவரை அணி தற்காலிகப் பயிற்சியாளராக நியமித்தது. 2012 ஜனவரியில் பெல் சென்டர் வாசலில் மக்கள் கொடிகளோடு நின்று கண்டித்தார்கள். அணி எல்லா நாடுகளிலிருந்தும் வீரர்களை வாங்குகிறது. தளத்தில் ஆடுபவர்களில் பிரெஞ்சுக்காரர் சிலரே. ஆயினும் தோல்விக்கான காரணத்தைத் தம்மிடம் தம் மொழியில் சொல்ல ஒருவர் வேண்டும் என்று அந்த ஊர் எதிர்பார்க்கிறது. மொழி காரணமாகத் தாழ்த்தப்பட்ட நினைவுள்ள எவருக்கும் இது விளங்காத கோரிக்கையன்று.

2014 டிசம்பர் 2 அன்று ழான் பெலிவோ காலமானார். ரிஷார் நெருப்பென்றால் பெலிவோ நீர் என்பார்கள். பத்து ஸ்டான்லி கோப்பைகளை வென்ற வீரர். கனடாவின் தலைமை ஆளுநர் பதவி தேடிவந்தபோது குடும்பத்தின் பொருட்டு மறுத்தவர். ஓய்வுக்குப் பிறகு பல ஆண்டுகள், ஆட்டம்தோறும், துணைவியாரோடு தம் வழக்கமான இருக்கையில் வந்து அமர்ந்தவர். அவருடைய உடலும் பெல் சென்டரில் இரண்டு நாட்கள் வைக்கப்பட்டது. துணைவியார் எலீஸ் அங்கே நின்று, வந்தவர்களின் கைகளைப் பற்றி நன்றி சொன்னார். 2022 மே மாதத் தொடக்கத்தில் கி லஃப்ளூரின் உடலும் இதே தளத்தில் வைக்கப்பட்டது.

பெலிவோ இறந்தபின் அங்கே நடந்த முதல் ஆட்டம் 2014 டிசம்பர் 9 அன்று, வான்கூவர் அணிக்கெதிராக. எலீஸ் வந்து தம் இருக்கையில் அமர்ந்தார். பக்கத்து இருக்கை காலியாக விடப்பட்டது. அதன்மேல் 4ஆம் எண் சட்டை போர்த்தப்பட்டிருந்தது. அன்று அரங்கின் கொள்ளளவு 21,287. வருகை எண்ணிக்கையை அறிவிக்கும் வழக்கமான தருணம் வந்தபோது, அரங்கம் அறிவித்த எண் 21,286.